அணைக்க வேண்டாம்

மணி நாலு பத்து.
நிலக்கோட்டை வண்டி பின்பக்கமாக வந்து
கடை வாசலில் முட்டி நிற்கையில்
என் கணினி நீலமாகிறது.
புதுப்பித்துக்கொண்டிருக்கிறோம். முப்பத்தேழு சதவீதம்.
அணைக்க வேண்டாம்.

அணைப்பதற்குத் தமிழில் இரண்டு பொருள்.
இரண்டுக்கும் எனக்கு நேரமில்லை.
நாளை முகூர்த்தம். மாட்டுத்தாவணி முழுக்கக் கூச்சல்.
ஆயிரத்து நூறில் ஆரம்பித்த மல்லி
திரை முப்பத்தெட்டைத் தொடுவதற்குள்
ஆயிரத்து முந்நூறு.

கேட்காமல் செய்தது என்று சொல்ல மாட்டேன்.
கேட்டது. இரண்டு பொத்தான்: இப்போது, பிறகு.
பதினோரு நாளாகப் பிறகு பிறகு என்று அமுக்கினேன்,
தவணைக்காரனுக்குச் சொல்வது மாதிரி.
வேண்டாம் என்று ஒரு பொத்தான் இல்லை.
பிறகு என்பதும் சம்மதம்தான்,
தேதி போடாத சம்மதம்.

கம்ப்யூட்டர் சரிபார்க்க வருகிற
இஸ்மத்துக்கும் ஞானதுரைக்கும் ஒரே கடை,
ஒரே ஸ்க்ரூடிரைவர், இரண்டு கட்சி.

"மேலமாசி வீதி ஜவுளிக்கடை ஒண்ணு
உங்கள மாதிரிதான், தள்ளிக்கிட்டே போனாங்க.
ஒரே ராத்திரி. மூணு வருசக் கணக்குக்கும்
எவனோ பூட்டுப் போட்டுட்டு சாவிக்கு விலை சொல்றான்.
பஸ்ல ஏறிட்டு, பிரேக்க எப்பப் போடணும்னு
பயணியா சொல்றது?"
ஞானதுரை கேட்டால் பதில் இருக்காது.

இஸ்மத் ஒரு பில்லைத் திருப்பிப் போட்டு
சதுரத்துக்குள் சதுரமாக வரைந்தான்.
"நடுவுல கர்னல். அதச் சுத்தி
ஆடி வீதி, சித்திரை வீதி,
ஆவணி மூல வீதி, மாசி வீதி.
நீங்க வெளி வீதியில நிக்கிறீங்கக்கா.
உள்ள என்ன நடக்குதுன்னு சொல்ல மாட்டாங்க.
நான் போட்டுத் தர்றதுல எல்லாக் கதவும் திறந்திருக்கும்."

எங்கள் ஆட்களுக்கு அந்தப் படம் புதிதில்லை.
அப்பாவின் தாத்தா அதில் எந்தக் கோட்டோடு நின்றார் என்று
விரல் வைத்துக் காட்டுவேன்.
கதவு திறந்தால் மட்டும் போதாது என்றும் தெரியும்.
உள்ளே போன பிறகு
நகரு நகரு என்று யாரும் சொல்லாத
ஓரடி இடம் வேண்டும்.

ஆடியில் வியாபாரம் மந்தம். சரி, போடு என்றேன்.
போட்டான்.
எந்த முகப்பு வேண்டும் என்று பத்தொன்பது காட்டியது,
கல்யாணத் தரகரின் ஆல்பம்.
எந்த எழுத்து, எந்த விசைப்பலகை, எந்தக் கோப்பு எங்கே.
வாழ்நாளில் யாரும் என்னிடம்
இத்தனை கேள்வி மரியாதையாகக் கேட்டதில்லை.
தராசு மட்டும் அதோடு பேச மறுத்தது.
மூன்று ராத்திரி உட்கார்ந்து பேச வைத்தான்.
நாலாம் ராத்திரி மறுபடி முறுக்கிக்கொண்டது.
அவனோ மேலூரில், தங்கை நிக்காஹ்வில்.

பழையதற்கே திரும்பினேன்.
"இதுவும் நீங்களா எடுத்த முடிவுதானக்கா" என்றான் ஞானதுரை.
கால் வலித்தவள் கிடைத்த இடத்தில் உட்கார்ந்தால்
அது முடிவா?

அறுபத்து நாலு சதவீதம்.
"அக்கா, எடை போட்டாச்சு, பில்லு!"
மேசை இழுப்பறையில் தாள் தேடினால்
கிடைப்பது இஸ்மத்தின் படம்தான்.
பால்பாயிண்ட் பேனாவால் ஆரம்பிக்கிறேன்.
வெளி வீதியில் திருமங்கலத்துக்காரர், சம்பங்கி ஒன்பது கிலோ.
மாசி வீதியில் அரளி, இரண்டு மூட்டை, ரொக்கம்.
சித்திரை வீதி நிறைந்து ஆடி வீதியும் நிறைந்து
கர்னல் இருக்க வேண்டிய கட்டத்தில்
எழுத்தைச் சிறிதாக்கி நெருக்கி எழுதினேன்:
ஒத்தக்கடை ரோசம்மா, பிச்சி இரண்டு கிலோ,
பாக்கி நூற்று நாற்பது.

நூறு சதவீதம்.
வணக்கம் என்கிறது, தொடரலாமா என்கிறது.
பொத்தான்கள் எல்லாம் இடம் மாறியிருக்கின்றன.

இரு.
வரிசையில் இன்னும் நாலு பேர்.